அக்னியாவைத் தூக்கியவர்கள்

அக்னியாவுக்குப் பதினைந்து வயது நடந்த அந்தக் கோடையில் மட்டும் அவள் பதினோரு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். மே மாதக் கடைசியில் விடுமுறைக்குப் போனவள் செப்டம்பர் முதல் தேதி பாலே பள்ளிக்குத் திரும்பி வந்தபோது, வாசல் காவலுக்கு இருந்த அம்மாள் வழியை மறித்துக்கொண்டாள்.

"யாரைப் பாக்கணும்?"

"நான்தாங்க, அக்னியா. அக்னியா லொஸ்குத்தோவா."

"என்கிட்டயே கதை விடறியா? லொஸ்குத்தோவா என் தோளுக்குத்தான் இருப்பா."

அன்று சாயங்காலமே ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். பாலேயில் பெண்ணை ஆண் தூக்கியாக வேண்டும். நுனிக்காலில் நின்றால் எல்லாப் பையன்களுக்கும் மேலே தலை தெரிகிற ஒருத்தியை யார் தூக்குவது? வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள் சிலர். அவள் குதித்தால் காற்றில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் இறங்குகிறாள், அதை இழக்க மனசில்லை என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், பின்வரிசையும் ஒரு வரிசைதானே என்று முடிவு செய்து அவளை வைத்துக்கொண்டார்கள்.

அவள் பாலேக்கு வந்ததே பாலேக்காக இல்லை. அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. அம்மா ஃபெதோஸ்யா எங்கள் ஊர் ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். காமா ஆற்றில் வரும் மரத்தையும் நிலக்கரியையும் உப்பையும் தூக்கி இறக்குவாள். ஒரு நாள் துறைமுகத்து அறிவிப்புப் பலகையில் பள்ளியின் விளம்பரத்தைப் பார்த்தாள். மூன்று வேளைச் சாப்பாடு, சீருடை, விடுதி. பத்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே தேர்வுக் குழுவின் முன்னால் போய் நின்றாள்.

"தினமும் கறி உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"வாரத்துல நாலு நாள் உண்டு."

"அப்ப இவளை எடுத்துக்கங்க. காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால வச்சுக்குவா. வீட்ல அதைத்தான் பண்ணிட்டு இருக்கா."

எடுத்துக்கொண்டார்கள்.

உயரமான பிறகு பையன்கள் சும்மா விடவில்லை. "உன்னைத் தூக்கறதுக்கு உங்கம்மாதான் கிரேனோட வரணும்" என்பார்கள். "எங்கம்மா நிலக்கரி, மரம், உப்புன்னு உருப்படியான சரக்குதான் தூக்குவாங்க. உன்னைத் தூக்கச் சொன்னா கோவிச்சுக்குவாங்க" என்பாள் அக்னியா. அவளுக்கு அழுகை சுலபத்தில் வராது. சிரிப்பு சுலபமாக வரும்.

பதினெட்டு வயதில் ஊர் நாடக அரங்கில் சேர்ந்தாள். நான்கு வருடம் பின்வரிசை. காட்டுக் காட்சி வந்தால் அவள்தான் மரம். கைகளைத் தூக்கிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அதையும் சந்தோஷமாகச் செய்தாள். பின்னாலிருந்து பார்த்தால் முன்வரிசையில் யார் எங்கே தப்புப் பண்ணுகிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது என்று விடுதியில் நடித்துக் காட்டுவாள். மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள்.

ஊரின் ஆண்டு விழா வந்தது. மாஸ்கோவில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் நடன அமைப்பாளர், எங்கள் பக்கத்து உப்பளங்களை வைத்து 'உப்பு ராணி' என்று புதிய பாலே ஒன்றை அமைத்தார். பூமிக்கு அடியில் தனியாக வாழும் ராணி ஒருத்தி. மேலே உப்புப் படகு ஓட்டும் ஒருவன். ராணி எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அரங்கில் எல்லாரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள்.

படகோட்டி யார் என்பதில்தான் சிக்கல். முதல் வரிசை ஆண்கள் இருவருக்கு அன்றைக்கென்று பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒத்துக்கொண்டவன் ஃபனீல் ஒருவன்தான். குட்டையாக, அகலமாக இருக்கும் தாத்தார் இனத்து இளைஞன். அவன் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்.

"நான் உன்னைவிட ஒரு சாண் உசரம், யோசிச்சுக்கோ" என்றாள் அக்னியா.

"எங்கப்பா மூட்டை தூக்கறப்ப மூட்டை எவ்வளவு உசரம்னு கேட்டதில்லை. நீயும் வாயை மூடிட்டு வா" என்றான் ஃபனீல்.

மற்றவர்கள் வருவதற்கு முன்பே, காலை ஏழு மணிக்கு, காலியான பயிற்சி அறையில் இருவரும் தொடங்கிவிடுவார்கள். முதல் மாதம் அவள் விலாவெல்லாம் நீலமாகக் கன்றிப்போனது. பெண்கள் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. தூக்குகிறவன் எப்படித் தூக்குகிறானோ அப்படியே போய்விட வேண்டும். அக்னியாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ரெண்டு விரல் கீழே பிடிடா. அங்கதான் என் கனம் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கனம் எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?"

இரண்டு விரல் கீழே பிடித்தான். அவள் நேரே மேலே போனாள். இருவருமே அதை எதிர்பார்க்கவில்லை. ஃபனீல் தலைக்கு மேலே அவளை வைத்துக்கொண்டே, "அடிப்பாவி, இதை ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான்.

முதல் நிகழ்ச்சி அன்று அரங்கு நிறைந்திருந்தது. துறைமுகத்து ஆட்களுக்கென்று நான்காவது வரிசையை முழுசாக ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் ஃபெதோஸ்யா, பூப்போட்ட சால்வையோடு. இரண்டு மணி நேரமும் ஒரு தவறும் நடக்கவில்லை. எல்லாம் முடிந்து, திரை மறுபடி உயர்ந்து, வணங்குவதற்காக அக்னியா ஓர் அடி பின்னால் வைத்தபோதுதான் தன் ராணி உடுப்பின் நுனியைத் தானே மிதித்தாள். தடாலென்று உட்கார்ந்தாள். தூக்கிவிட வந்த ஃபனீலும் வழுக்கி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

அப்போது நான்காவது வரிசையிலிருந்து, கிரேன் மேலிருந்து கீழே கத்திப் பழகிய குரல் கேட்டது.

"அக்னியூஷா, எழுந்திரு. தரை சில்லுன்னு இருக்கும், உடம்புக்கு ஆகாது."

அக்னியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராணியின் கிரீடம் காதில் தொங்க, தரையில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஃபனீல் சிரித்தான். அரங்கு முழுக்கச் சிரித்தது, பிறகு எழுந்து நின்று இருபது நிமிடம் கை தட்டியது. அன்றிலிருந்து அவள் ஊருக்கே சொந்தமாகிவிட்டாள். ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் பெண்கள் அவளை முன்னால் தள்ளிவிடுவார்கள். குளிர்காலத்தில் டிராம் நிறுத்தத்தில் இருக்கையில் உட்கார்ந்தால், முன்பின் தெரியாதவர்கள்கூட, "எழுந்திருங்க, சில்லுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளும் ஃபனீலும் பதினாறு வருடம் சேர்ந்து ஆடினார்கள். அவளுக்காகவே ராணிகளையும் சூனியக்காரிகளையும் புயல்களையும் அமைத்தார்கள். வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்து பார்த்தார்கள். அரசின் கலைஞர் பட்டமும் கிடைத்தது. அந்தப் பதக்கத்தை ஃபெதோஸ்யா துறைமுகத்துக்கு எடுத்துப்போய் ஒரு நாள் முழுக்கக் கிரேன் அறையில் மாட்டி வைத்திருந்தாள்.

கல்யாணமும் ஃபனீலால்தான் நடந்தது. ஒரு சுழற்சியில் அவன் முழங்கை அவள் வாயில் பட்டு முன்பல் உடைந்தது. அவசரமாகப் பல் மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கே ஆர்க்காதி என்று ஒரு டாக்டர். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார், இரண்டு கையையும் அவள் வாய்க்குள் வைத்துக்கொண்டு.

அவள் ஏதோ சொன்னாள். நூலகத்தில் வேலை என்று அவர் காதில் விழுந்தது. "அமைதியான வேலை" என்றார். பல்லுக்காக நான்கு முறை போனாள். ஐந்தாம் முறை பல்லில் ஒன்றுமில்லாமலே போனாள். அவளை மேடையில் பார்த்த நாள்தான் அது நூலகமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எல்லா நிகழ்ச்சிக்கும் வந்தார். இரண்டாம் பாகத்தில் தவறாமல் தூங்கினார்.

"உன் குறட்டை மேடை வரைக்கும் கேக்குது" என்பாள் அக்னியா.

"காலைல ஆறு மணியில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

"நானும்தான் நிக்கறேன். ஒத்தைக் கால்ல."

ஒரு மகள் பிறந்தாள், தோன்யா. அப்பாவைப் போலவே குட்டை. நடனம் என்றால் ஓடிவிடுவாள். பின்னாளில் அவளும் பல் டாக்டரே ஆனாள். அக்னியாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. "வீட்ல ஒருத்தியாவது உக்காந்து சாப்பிடற வேலையில இருக்கட்டும்" என்பாள்.

முப்பத்தெட்டு வயதில், வழக்கம்போல, மேடையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அவள் படித்த பள்ளியே ஆசிரியையாக வரச் சொல்லி அழைத்தது. பத்து வயதுச் சிறுமிகளின் வகுப்பு. பள்ளித் தலைவர் வலெரியான் லிவோவிச், ஐம்பத்தைந்து வயது, ஒரு காலத்தில் அவரும் முதல் வரிசை ஆட்டக்காரர், கத்தி மாதிரி மடிப்பு வைத்த உடை. அழைத்தது தன் பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நன்றிங்க. ஆனா எனக்கு இணை நடன வகுப்பு வேணும்" என்றாள் அக்னியா.

அந்த வகுப்பை நடத்தி வந்தவர் முதுகு போய் விலகியிருந்தார். இடம் காலியாகத்தான் இருந்தது. பையன்கள் பெண்களைத் தூக்கக் கற்கும் வகுப்பு அது. ஆசிரியர் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இணை நடனத்தை ஒரு பொம்பளை சொல்லிக்குடுத்து நான் பாத்ததில்லை, அக்னியா சவேல்யெவ்னா" என்றார் வலெரியான் லிவோவிச், அவள் அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக. "தூக்கறவன்தான் தூக்கறதைச் சொல்லித் தரணும்."

"சமைச்சவனை மட்டும் கேட்டா சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமாங்க? பதினாறு வருஷம் சாப்பிட்டவ நான்."

"இது சமையல் இல்லை. தவறினா கழுத்து உடையும்."

"யார் கழுத்துங்க?"

பியானோ வாசிக்கும் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். வலெரியான் லிவோவிச் பேனாவை மூடித் திறந்தார். ஒரு மாதம் அவகாசம் தருவதாகவும், ஆசிரியர் குழு முன்னால் கடைசி வருட வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றும், தூக்கிக் காட்டுவதையும் அவளே செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று முதல் வீட்டில் ஆர்க்காதிக்கு நிம்மதி போயிற்று. எழுபத்தோரு கிலோ இருந்த அவரைச் சமையலறையில் நிறுத்தி வைத்து, கோதுமை மாவு மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தாள் அக்னியா.

"நாளைக்கு எட்டுப் பேர் வாயைத் தொறந்துட்டு எனக்காகக் காத்திருப்பாங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் அவர், பாதி உயரத்திலிருந்து.

"பேசாதே. பேசினா கனம் கூடுது."

இருவரும் சோபாவில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். தோன்யா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் எத்தனை வயசு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெதோஸ்யா வந்தாள், கடித்தால் சாறு தெறிக்கும் குட்டி இறைச்சி அப்பங்களோடு. அவளும் ஓய்வு பெற்றிருந்தாள். மகள் மருமகனைத் தூக்குவதை அப்பம் தின்றபடி பார்த்தாள். மூன்றாவது முறை விழுந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ கைக்கு வசதியான இடத்துல பிடிக்கறே. கொக்கிக்கு வசதியா மாட்டினா சரக்கு சாஞ்சுடும். கனம் எங்க உக்காந்திருக்குன்னு மொதல்ல பாரு. அப்புறம் ஒரேடியா இழுக்காதே. ஒரு விரக்கடை தூக்கு. நிறுத்து. ஆடுதான்னு பாரு. ஆடலைன்னா மேல போ."

"சரக்கு உயிரோட இருந்தா என்னம்மா பண்றது?"

ஃபெதோஸ்யா யோசித்தாள். "உயிருள்ள சரக்கு ஒண்ணே ஒண்ணுதான் தூக்கியிருக்கேன். பசு. படகுல இருந்து கரைக்கு. மொதல்ல உதைச்சுது. ஒரு விரக்கடையில நிறுத்தினதும் அதுக்கு நம்பிக்கை வந்துடுச்சு. அப்புறம் சுத்திமுத்தி வேடிக்கை பாத்துக்கிட்டே வந்துச்சு."

"கேட்டுக்கிட்டியா, உதைக்காம இரு" என்றாள் அக்னியா கணவனிடம்.

மாதம் முடிந்தது. பயிற்சி அறையில் சுவரோரம் ஏழு நாற்காலிகள். நடுவில் வலெரியான் லிவோவிச். எதிரே ஆறு பையன்கள், ஆறு பெண்கள். தரையில் கால் வழுக்காமல் இருக்கத் தூவிய குங்கிலியப் பொடியின் வாசனை. வரிசைக் கடைசியில் புரோஹர் என்ற ஒல்லிப் பையன், பார்க்க நாணல் குச்சி மாதிரி இருப்பான். அவனுக்கு இணை நடனத் தேர்வே வேண்டாம், தூக்கும் பலம் இல்லை என்று முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

அக்னியா ஸ்தாஸ்யா என்ற பெண்ணை அழைத்தாள். இடுப்பைப் பிடித்தாள், ஒரு விரக்கடை தூக்கினாள், நிறுத்தினாள், பிறகு தோளில் உட்கார வைத்தாள். இன்னொரு முறையும் செய்தாள். நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது.

"தலைக்கு மேல?" என்று கேட்டார் வலெரியான் லிவோவிச்.

"அது என்னால முடியாதுங்க. அந்த பலம் எனக்கு இல்லை. இருக்கற மாதிரி நடிக்கவும் மாட்டேன்."

"அப்ப பாடம் முடிஞ்சுது."

"இல்லைங்க, இப்பத்தான் ஆரம்பம்." அவள் அறை நடுவில் போய் நின்று கண்களை மூடிக்கொண்டாள். "பசங்களா, ஒவ்வொருத்தரா வந்து என்னைத் தூக்குங்க. அம்பத்தெட்டு கிலோ. இந்தப் பள்ளிக்கூடத்துலயே உசரமான சரக்கு நான்தான்."

முதல் பையன் வந்தான். கால் தரையை விடுவதற்கு முன்பே, "இடது கட்டைவிரலைத் தளர்த்து, அது முதுகைக் குத்துது" என்றாள். இரண்டாமவனிடம், "மூச்சைப் பிடிச்சுக்கிட்டே. விடு. நீ மூச்சு விட்டாத்தான் நானும் விடுவேன்" என்றாள். மூன்றாமவனிடம், "உனக்கு என்னைப் பாத்து பயமில்லை, அவரைப் பாத்துதான் பயம். அவரைத் தூக்க வேண்டாம், என்னைத் தூக்கு" என்றாள். கண்ணைத் திறக்கவே இல்லை. ஒவ்வொருவனும் இரண்டாம் முறை தூக்கும்போது அவள் லேசாகப் போவது நாற்காலிகளில் இருந்தவர்களுக்கே தெரிந்தது.

கடைசியில் புரோஹர் தயங்கி நின்றான்.

"எனக்குத் தேர்வு கிடையாது, அக்னியா சவேல்யெவ்னா."

"தேர்வு யார் வைக்கப்போறா? தூக்கத்தானே சொல்றேன். வா. ரெண்டு விரல் கீழே. அங்கதான். ஒரு விரக்கடை. நிறுத்து. நான் ஆடறேனா?"

"இல்லைங்க."

"அப்ப மேல போ. கையால தள்ளாதே, காலால நிமிரு."

அவன் நிமிர்ந்தான். அவள் அவன் தலைக்கு மேலே போய் நின்றாள், கைகளை விரித்து, விளக்குக்குப் பக்கத்தில். புரோஹரின் வாய் திறந்தபடியே இருந்தது. தன் கைகளில்தான் இது நடக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தான். பியானோக்கார அம்மாள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள். ஸ்தாஸ்யா ஓடிவந்து, "அடுத்தது நான், அடுத்தது நான்" என்றாள்.

இறங்கியதும் அக்னியா நாற்காலிகள் பக்கம் திரும்பினாள்.

"வலெரியான் லிவோவிச், நீங்களும் வாங்களேன்."

"நான் ஆடி பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"எல்லாரும் பாக்கறாங்க. வாங்க."

பிள்ளைகள் கால்களைத் தரையில் தட்டத் தொடங்கினார்கள். அவர் மேல்சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் போட்டார். வந்து அவளைப் பிடித்தார்.

"விலாவைப் பிடிக்கறீங்க" என்றாள் அக்னியா தாழ்ந்த குரலில். "அப்பவும் இப்படித்தான் பிடிப்பீங்க. உங்களோட ஆடின லீதியா ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு அப்புறமும் கன்றின இடத்துல வலி அடங்க முட்டைக்கோஸ் இலை வச்சுக் கட்டிக்குவா."

அவர் கையை எடுத்துவிட்டார். "லீதியா ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே. ரெண்டு விரல் கீழே வாங்க."

அவர் பிடித்தார், ஒரு விரக்கடையில் நிறுத்தினார், முகம் சிவக்க நிமிர்ந்தார். அவள் மேலே போனாள். அறையே ஆரவாரித்தது. வலெரியான் லிவோவிச் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். நரைத்த முடியும் நேரான முதுகும் தலைக்கு மேலே ஒரு ராணியுமாக இருந்தார். அவர் சிரித்துப் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம் நிக்கட்டும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இறக்க மனசு வர்ற வரைக்கும் நில்லுங்க."

வகுப்பு அவளுக்குக் கிடைத்தது. மாலையில் வலெரியான் லிவோவிச் ஒரு பெட்டி சாக்லேட்டோடு லீதியா வீட்டுக்குப் போனதாகவும், லீதியா கதவைத் திறந்ததும் "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அக்னியா வகுப்பில் சட்டங்கள் கொஞ்சம்தான். முதல் மூன்று மாதம் எந்தப் பையனும் எந்தப் பெண்ணையும் தொடக்கூடாது. பையன்களைப் பையன்களே தூக்க வேண்டும். மேலே போனவனுக்குத் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியட்டும் என்பாள். பெண்களுக்கு வேறு சட்டம்: வலித்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. புன்னகையோடு தாங்கிக்கொள்ளப் பழகிய பிள்ளைகள். அவர்களை வரிசையில் நிறுத்தி, "கையை மாத்துடா" என்று சத்தமாகச் சொல்லவே பயிற்சி கொடுத்தாள்.

முதுகு வலியோடு மீன்பிடித்துக்கொண்டிருந்த ஃபனீலையும் இழுத்து வந்தாள். அவன் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்வதற்கெல்லாம் மாற்றுச் சொல்வான்.

"நான் அப்படித் தூக்கினதே இல்லை."

"அப்படித்தான் தூக்கினே. நீ கீழே இருந்தே, உனக்குத் தெரியாது."

பிள்ளைகள் அந்தச் சண்டைக்காகவே முன்கூட்டி வந்துவிடுவார்கள்.

புரோஹர் அந்த வருடம் தேர்வில் ஆடித் தேறினான். அவன் கைகளில் போனால் பயமே இல்லை என்று ஆடுகிற பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, பெரிய நகரத்து அரங்கு ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. 'இங்கே என்னோடு ஆடப் பெண்கள் போட்டி போடுகிறார்கள்' என்று கடிதம் எழுதினான். அக்னியா ஓர் அஞ்சலட்டையில் பதில் போட்டாள்: 'தலைக்கனம் ஏறினால் உடனே சொல். அதை எங்கே பிடித்து இறக்குவது என்பதும் எனக்குத் தெரியும்.'

அவளிடம் படித்தவர்கள் நாலா பக்கமும் போனார்கள். அவர்களில் மூன்று பெண்கள் இன்று வேறு ஊர்களில் இணை நடன வகுப்பு நடத்துகிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

அக்னியாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறாள். போன செவ்வாய்க்கிழமை புது வகுப்பில் முதல்முறையாகப் பெண்களைத் தூக்கும் பாடம். கஸான் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், வாயைத் திறக்கவே கூச்சப்படுபவள், பாதி உயரத்தில் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன, வலிக்குதா?" என்றாள் அக்னியா. "சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டு, அறை அதிரச் சொன்னாள்.

"வலிக்கலை. இவன் வெங்காயம் தின்னுட்டு வந்திருக்கான்."

பையன் அவளைப் பூப்போல இறக்கி வைத்தான். காது வரைக்கும் சிவந்திருந்தான்.

"ரொம்ப நல்லா இறக்கினே" என்றாள் அக்னியா. "போ, வாய் கொப்பளிச்சுட்டு ஓடி வா."

அவன் ஓடினான். பியானோ மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.